இரண்டு பலகைகளில் ஒரு முகம்

நம் பள்ளிக்கூடக் குழுவில் போன வாரம் ஒருத்தி போட்ட பழைய மாதா கோயில் படத்தை நானும் பார்த்தேன். பதில் போடாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, கைபேசியைச் சாய்த்து வைத்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்துவதற்குள் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போகிறது. அதனால் பேத்தியின் பழைய நோட்டில் எழுதி, அவளைப் படம் பிடித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து புரியவில்லை என்று யாரும் சடைக்க வேண்டாம். நமக்கெல்லாம் ஒரே டீச்சர்தான்.

படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதையும் படித்தேன். குடை பிடித்துக்கொண்டு பூசை பார்த்தோமே என்று ஒருத்தி. கூரை கட்டத் தெரியாதவர் கட்டின கூரை என்று இன்னொருத்தி, சிரிக்கிற பொம்மை மூன்று வைத்து. அதைக் கட்டியவர் என் அப்பா. உங்களுக்கு மறந்திருக்கும். இந்த வயதில் யார் யாருடைய மகள் என்பதையெல்லாம் யார் தூக்கிச் சுமக்கிறார்கள்? எனக்கும் அலுத்துவிட்டது. ஆனாலும் ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன்.

கடற்கரைப் பக்கம் தோணி கட்டும் தச்சரை ஓடாவி என்பார்கள். அப்பா ஓடாவி. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, எங்கள் ஆட்களிலேயே முதலில் விக்கிரமசிங்கபுரம் வந்து நூல் மில்லில் சேர்ந்தவர். மேஸ்திரி ஆனதும் ஒவ்வொரு குடும்பமாகக் கூட்டி வந்தார். அப்பாவையும் தச்சுப் பட்டறையில் சேர்த்துவிட்டார். நூல்கண்டு அடைக்கிற பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் வேலை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் கையை மட்டும் ரொம்ப நேரம் கழுவுவார்.

கடற்கரைக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கோயில் எழுப்பினார்கள். சுவர் எழும்பியதோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஊரில் இருந்த சொந்தக்காரர்கள், உடைத்த ஒரு தோணியின் மரத்தை மாதாவுக்கு நேர்ச்சையாக லாரியில் அனுப்பி வைத்தார்கள். உப்பேறிக் கறுத்த பலகைகள். மரம் வந்து இறங்கியதும் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதையே செய்தார். சுவர்களின் மேல் ஒரு தோணியைக் கட்டிக் கவிழ்த்து வைத்தார். உச்சியில் நீளவாட்டில் ஒரு பெரிய கட்டை. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற விலாக் கட்டைகள். அவற்றுக்கு வங்கு என்று பெயர். வங்குகளின் மேல் நீளநீளமாகப் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள சந்தில், மில்லில் கேட்டு வாங்கிய கழிவுப் பஞ்சை எண்ணெயில் முக்கித் திணித்தார். வெளிப்பக்கம் முழுக்க மீனெண்ணெயும் குங்கிலியமும். கார்த்திகை மார்கழி ஈரத்தில் இந்த வேலை நடந்தது. தை பிறந்தபோது உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஊசி நுழைய இடமில்லை. வாடைதான் சகிக்காது. பூசையில் சாம்பிராணி போட்டால் யாரோ கருவாட்டைச் சுட்டது மாதிரி இருக்கும். அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நீங்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

தை மாதம் திருநெல்வேலியில் இருந்து படக்காரர் வந்தார். கடைகளுக்குப் பலகை எழுதுவார். கோயில் பீடங்களுக்குப் படம் வரைவார். நெட்டையான ஆள், கன்னத்தில் எப்போதும் வெற்றிலை. ராத்தங்கல் கோயிலில், சாப்பாடு எங்கள் வீட்டில். மாதா வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவதைக் கூரையின் உட்பக்கத்தில் வரைய வேண்டும் என்று ஏற்பாடு. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட உபதேசியாருக்கு அது பெரிய கனவு.

முதல் நாளே அப்பாவுக்கும் படக்காரருக்கும் முட்டிக்கொண்டது. நான் தூக்குவாளியில் சோறு கொண்டு போயிருந்தேன்.

"முகத்த மட்டும் ஒரு பலகைக்குள்ள அடக்கிரும்வே. சந்துல கொண்டு வைக்காதீரும்" என்றார் அப்பா.

"பலகை ஒரு சாண் அகலம். ஒரு சாண்ல முகம் வச்சா கடைசில நிக்கவனுக்கு என்ன தெரியும்? கொசுதான் தெரியும்."

"மரம் சுருங்கும், விரியும். ஒரே மாதிரி நிக்காது."

"படம் ஒரே மாதிரிதான் அண்ணாச்சி நிக்கணும். அதுக்குத்தான படம்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. இன்றைக்கு வரைக்கும் எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. படக்காரர் தன் இஷ்டப்படியே, இரண்டு பலகை அகலத்துக்கு முகத்தை வரைந்தார். நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் எல்லாம் சரியாகச் சந்தின் மேல் விழுந்தன. குறுக்கே ஓடிய வங்குகளை என்ன செய்வாரோ என்று அப்பா காத்திருந்தார். அவர் ஒவ்வொரு வங்கையும் ஒரு மேகமாக்கிவிட்டார். கட்டை புடைத்துக்கொண்டு இருந்த இடமெல்லாம் திரண்ட வெண்மேகம். மாதா அதன் மேல் கால் வைத்து ஏறிப் போகிறாள். அப்பா தன் வங்கைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் கீழே நின்று விரலால் எண்ணியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஷிப்டு முடிந்ததும் நேரே கோயிலுக்குத்தான் போவார். சாரத்தின் கீழே உட்கார்ந்து பீடி குடித்தபடி பார்த்துக்கொண்டே இருப்பார். சண்டை எப்போது சிநேகிதமானது என்று தெரியவில்லை. அம்மா படக்காரருக்கென்றே மீன்குழம்பு வைக்கத் தொடங்கினாள்.

பங்குனி வெயில் உங்களுக்குத் தெரியாததா? மரம் காய்ந்தது. முதலில் ஒரு மயிரிழை. பிறகு நகக்கண் அகலம். சித்திரையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மாதாவின் முகம் நடுவில் பிளந்தது. ஒரு கண் அந்தப் பக்கம், ஒரு கண் இந்தப் பக்கம். உச்சிவேளையில் பிளவு வழியாக வெளிச்சம் கோடாக உள்ளே விழும். கோடை மழை பெய்த அன்று அரைமணி நேரம் தண்ணீர் கொட்டியது. நீங்கள் குடை பிடித்தது அன்றைக்குத்தான். பிறகு மரம் தண்ணீரைக் குடித்து விரிந்துகொண்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை. அதை யாரும் எழுதவில்லையே! மறுநாள் காலையில் மாதாவின் முகம் ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் வெயிலில் மறுபடி பிரிந்தது. ஒட்டியதை மாதா செய்த புதுமை, அற்புதம் என்று சொன்ன உபதேசியார், பிரிந்ததை ஓடாவி வேலை என்றார்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் சும்மா இருக்கவில்லை. "மாதா மூஞ்சிய ஒங்கப்பா கோடாலி வச்சு வெட்டிட்டாராட்டி?" என்று கேட்டது யார் என்று சொல்ல மாட்டேன். அவள் இப்போது குழுவில் தினமும் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ போடுகிறாள்.

ஆகஸ்டில் மாதா பரலோகம் போன திருநாள். அன்றைக்கு ஆயர், அதாவது பிஷப், வந்து கோயிலை மந்திரித்துப் புனிதப்படுத்துவதாக முடிவானது. ஜூலைக் கடைசியில் உபதேசியாரும் மாமாவும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

"ஆயர் வந்து மேல பாக்கும்போது முகம் ரெண்டாப் பிளந்து கிடந்தா நாம என்னத்தவே சொல்லுவோம்?" என்றார் உபதேசியார்.

"ஐப்பசி வரட்டும். தானாச் சேந்துக்கிடும்."

"ஆயர் ஐப்பசிக்கா வாராவ?"

மாமா பேச்சை மாற்றினார். "மச்சான், சந்துல மெல்லிசா மரச்சிம்பு அடிச்சு வஜ்ஜிரம் போட்டு ஒட்டினா என்ன? கட்டிலு, பீரோவெல்லாம் அப்படித்தான செய்யுதாவ."

"கட்டிலு மழையில நிக்குதா? சிம்ப அடிச்சு அடைச்சுட்டா, மழைக்கு மரம் விரிய எடம் எங்க இருக்கு? பலகை பலகையத் தள்ளும். கடைசில சொவரத் தள்ளும்."

"ஒங்களுக்குச் செய்ய மனசில்ல. அதச் சொல்லுங்க" என்று மாமா எழுந்தார். எங்களுக்கு வீடும் வேலையும் வாங்கித் தந்தவர் அவர். அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அன்றைக்கும் யாரோ எதையோ சொல்லியிருந்தார்கள். நான் போய் எதிரில் நின்றேன்.

"அப்பா, ஒங்களுக்கு அது சரிபண்ணத் தெரியாதாப்பா?"

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தீட்டுக்கல்லைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் மாமாவிடம் சம்மதம் சொல்லிவிட்டார். ஆயர் வந்து போனதும் சிம்புகளைப் பிடுங்கிவிடுவேன், ஐப்பசிக்கு முன்னால் பிடுங்கியே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முகத்தை மட்டும் அடைத்தால் போதாது, உடுப்பிலும் கோடு தெரிகிறது என்று படக்காரர் சொன்னதால் அந்தப் பக்கத்துச் சரிவு முழுவதும் சிம்பு அடித்தார்கள். அப்பா சீவிச் சீவி இறக்குவார்; படக்காரர் பின்னாலேயே சாயம் பூசிக்கொண்டு வருவார். ஒரு வாரத்தில் முடிந்தது. ஆயர் வந்தார். புத்தகத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, வாசிக்காமல் ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். படக்காரரைக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்பா கடைசியில் கதவோரம் நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு புரட்டாசி வந்தது. அப்பா சிம்பைப் பிடுங்கும் பேச்சை எடுத்தபோது, கிறிஸ்மஸ் முடியட்டும் என்று மாமா சொன்னார். ஆயரே கும்பிட்டுவிட்டுப் போன முகத்தில் உளி வைப்பதா என்று உபதேசியார் கேட்டார். அப்பா திரும்பி வந்துவிட்டார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா விடியும்போதே கோயிலுக்குப் போய்விட்டார். பூசைக்கு இரண்டாம் மணி அடித்ததும் அம்மாவும் நானும் போனோம். வாசலில் கூட்டம். அப்பா நிலைக்கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறித்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

"உள்ள யாரும் போவக் கூடாது."

"ஓடாவியாரே, வழிய விடும். பூசை வைக்க வந்த சாமியார் மழையில நிக்காவ, தெரியல்ல?" என்றார் உபதேசியார்.

"தூக்குநூல் போட்டுப் பாத்தேன். சொவரு சாஞ்சிருக்கு. சொன்னாக் கேளுங்க."

யார் கண்ணுக்கும் எந்தச் சாய்வும் தெரியவில்லை. எனக்கும்தான். வெட்கத்தில் அம்மாவின் முந்தானைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். மாமா போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா அவரைத் தள்ளிவிட்டார். மாமா சேற்றில் விழுந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் தள்ளி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதே சமயம் உள்ளேயிருந்து ஆணி தெறிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல். வலதுபக்கச் சுவர் பையப் பைய வெளிப்பக்கம் சரிந்தது. அதன் பின்னாலேயே கூரையும் ஒருக்களித்து இறங்கியது. மழையோடு தூசி எழுந்து அடங்கியபோது ஊரெல்லாம் மீனெண்ணெய் வாடை. உள்ளே ஒருவரும் இல்லை. நீங்கள் எல்லோரும் வெளியே இருந்தீர்கள். அதனால்தான் இன்றைக்குப் படம் போட முடிகிறது.

ஒரு வாரம் அப்பாவைக் கடவுள் மாதிரி பேசினார்கள். அதன்பின் யோசிக்க ஆரம்பித்தார்கள். விழப்போவது தெரியாமல் செய்தார் என்றால் அவர் மடையர். தெரிந்தே செய்தார் என்றால் பாவி. தெரியாதென்றால் வாசலை எப்படி மறித்தார்? இப்படிச் சுற்றிச் சுற்றிப் பேசி, அப்பாவுக்கு இரண்டு பட்டத்தையும் கொடுத்துவிட்டார்கள். உபதேசியாரையும் மாமாவையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படக்காரர் ஒருமுறை வந்து, இடிபாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் பஸ் ஏறிவிட்டார். பலகைகளை விறகுக்குக் கொடுத்தார்கள். அம்மா ஒரு வருடம் எங்களைப் பஸ்ஸில் அம்பாசமுத்திரத்துக்குப் பூசைக்குக் கூட்டிப் போனாள். மாமாவோடு அவள் சாகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா பென்ஷன் வாங்கும்வரை பெட்டிக்கு ஆணி அடித்தார்.

நான் அவருக்காக வழக்காடியே வளர்ந்தேன். என் வீட்டுக்காரரிடம், பிள்ளைகளிடம், சம்பந்தி வீட்டில்கூட. அவருக்கு எல்லாம் தெரியும், கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தார்கள், பிடுங்க விடாமல் தடுத்தார்கள் என்று. ஒன்றை மட்டும் சொன்னதில்லை. உபதேசியாருக்கும் மாமாவுக்கும் மசியாத மனிதர் நான் கேட்ட ஒரு கேள்வியில்தான் மசிந்தார் என்பதை. அது எனக்குள்ளேயே கிடந்து என்னைத் தின்றது. கல்யாணமான பிறகும் பலத்த மழை பெய்தால் எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன்.

கடைசி வருடம் அப்பா பாளையங்கோட்டையில் என்னோடு இருந்தார். எண்பத்திரண்டு வயது. ஒருநாள் மத்தியானம் மழை. கட்டிலில் மல்லாந்து படுத்துக் கான்கிரீட் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் கேட்க நாள் இருக்காது என்று தோன்றியது.

"அப்பா, அன்னைக்கு நான் ஒங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"என்ன கேட்ட?"

"சரிபண்ணத் தெரியாதான்னு. அதுக்குப் பொறவுதான நீங்க சரின்னு சொன்னிய."

"நீயா கேட்ட? எனக்கு ஞாபகம் இல்லட்டி."

முப்பது வருடத்துக்கு மேல் நான் சுமந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா, இப்போது சொல்லத் தெரியவில்லை. அவர் தளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"ஒங்க மாமனத்தான் பாவம் ஒங்கம்மா கடைசிவரைக்கும் வெறுத்துட்டா. பிடுங்காதன்னு அவன் சொன்னது நெசந்தான். ஆனா நான் அவங்கிட்டக் கேட்டுத்தான் செய்யணும்னு என்ன இருக்கு? பொரட்டாசி கடைசில ஒரு மத்தியானம் கோயில்ல யாருமில்ல. உளிய எடுத்துக்கிட்டு ஏணி வச்சு ஏறினேன். மூக்குக்கு நேரா உளிய வச்சேன். கிட்டத்துல பாத்தா சந்து எங்க இருக்குன்னே தெரியல. நான் சீவின சிம்பு, அவரு பூசின சாயம், எது எதுன்னு பிரிக்க முடியல. ஒரு அடி போட்டா முகம் போயிரும். ரொம்ப நேரம் நின்னேன். மனசு வரல்ல. எறங்கி வந்துட்டேன்."

"சொவரு போவும்னு தெரிஞ்சுமாப்பா?"

"தெரியாம என்ன."

என் கை நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே போக நின்ற கூட்டத்தில் அம்மா இருந்தாள், நான் இருந்தேன். அவர் விடியும்போது எழுந்திருக்காமல், கண் அயர்ந்து போயிருந்தால்? ஊர் சொன்னதுதான் உண்மையா? இத்தனை காலம் நான் வழக்காடியது யாருக்காக? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "ஆயர் வந்து போன பொறவு ரெண்டு மாசம் முழுசா இருந்துச்சுல்ல. நீ பாத்தியாட்டி?"

"பாத்தேன்பா."

"எப்படி இருந்துச்சு?"

அந்த இரண்டு மாதமும் நான் பெண்பிள்ளைகள் வரிசையில் முன்னால் உட்கார்ந்து, பூசை முழுக்க அண்ணாந்துகொண்டே இருந்தேன். கழுத்து வலிக்கும்வரை பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. கீழே குனிந்தால் அந்த முகம் போய்விடுமோ என்று இருக்கும்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கூரையைப் பற்றி அவர் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அதுதான் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.